போக்கிமான் யுனைட்டா, டோட்டா 2-வா? மலையில் இருப்பவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகன் டோட்டா 2 ஆடுவதற்காக 75,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான். அவனுடைய நண்பர்கள் போனிலேயே போக்கிமான் யுனைட் ஆடுகிறார்கள். இரண்டுமே ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம்தானே, இவ்வளவு செலவு தேவையா? (கோத்தகிரி வாசகி)

பதில்: தேவையில்லை. மகன் டோட்டா 2-வில் உறுதியாக இருந்தாலும் அதற்குக் கேமிங் லேப்டாப் வேண்டாம். முதலில் இரண்டு ஆட்டங்களும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள்.

டோட்டா 2 வெளிவந்தது 2013-இல். 120-க்கும் மேற்பட்ட ஹீரோக்கள் (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்கள்), மூன்று லேன்கள் (இரு அணிகளும் மோதும் பாதைகள்), மேட்ச் நடக்கும்போதே தங்கம் சேர்த்து வாங்க வேண்டிய நூற்றுக்கு மேற்பட்ட பொருட்கள். எதிரிப் படையின் சிப்பாயைக் கடைசி அடி அடித்து வீழ்த்துபவருக்குத்தான் அதற்கான தங்கம் முழுதாகக் கிடைக்கும். செத்தால் கையில் இருக்கும் தங்கத்தில் ஒரு பங்கு போகும். ஆட்டத்துக்கு நேர வரம்பு கிடையாது. பெரும்பாலான மேட்சுகள் 30 நிமிடத்தைத் தாண்டும், சில ஒரு மணி நேரத்தையும் எட்டும். தரவரிசைக்குக் கணக்காகும் ரேங்க் ஆட்டத்துக்குள் நுழையவே 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும்.

2021-இல் வந்த போக்கிமான் யுனைட்டில் தங்கமும் இல்லை, மேட்சுக்குள் கடையும் இல்லை. காட்டுப் போக்கிமானை வீழ்த்தி, கிடைக்கும் சக்தியை எதிரணியின் கோல் வட்டத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். வழக்கமான மேட்ச் பத்து நிமிடம். கடைசி இரண்டு நிமிடத்தில் போடும் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்பதால், தோற்றுக்கொண்டிருக்கும் அணியும் திரும்ப வர வழி உண்டு. அடிப்படையை ஒரே மாலையில் பிடித்துவிடலாம். ஆழம் என்று பார்த்தால் டோட்டா 2 பக்கத்தில் இது நிற்காது. வருடக்கணக்கில் கற்றுக்கொண்டே போகும் ஆர்வம் உங்கள் மகனுக்கு இருந்தால் அவன் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனால் கோத்தகிரியில் அதைவிட முக்கியமானது மின்சாரம். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. டோட்டா 2-வில் தொடர்பு அறுந்து ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் மேட்சைக் கைவிட்டதாகக் கணக்காகும். இது தொடர்ந்தால், மேட்சைக் கைவிடுபவர்களுக்கென்று இருக்கும் தண்டனை வரிசையில் தள்ளிவிடுவார்கள், உடன் ஆடும் நான்கு பேரின் ஆட்டமும் கெடும். யுனைட்டில் ஒழுங்காக ஆடுவதற்கான நியாய ஆட்டப் புள்ளி குறையும், ஆனால் நஷ்டப்படுவது பத்து நிமிட ஆட்டம்தான். அதுவும் போன் பேட்டரியில் ஓடுவது.

கேமிங் லேப்டாப் வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம். தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போதுதான் முழு வேகத்தில் ஓடும். பேட்டரிக்கு மாறியதும் வேகம் பாதியாகலாம், சார்ஜும் சீக்கிரம் தீரும். அதன் அடாப்டர் 150 முதல் 230 வாட் வரை இருக்கும். சாதாரண லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் போதும், வீட்டு இன்வெர்ட்டருக்கும் பாரமில்லை. டோட்டா 2 கேட்கும் குறைந்தபட்ச நினைவகம் 4 ஜிபி, இடம் 60 ஜிபி. ஏஎம்டி ரைசன் அல்லது இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ளிணைந்த கிராபிக்ஸும் (தனி சிப் இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருப்பது) 512 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தால் படத்தரத்தைக் குறைத்து வைத்துத் தாராளமாக ஆடலாம்.

கடையில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: ராம் (நினைவகம்) ஒற்றைக் குச்சியா, இரட்டையா? உள்ளிணைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமையே பகிர்ந்துகொள்கிறது. 8 ஜிபி ஒற்றைக் குச்சியில் ஆட்டம் திணறும். இரண்டு 8 ஜிபி போட்டால் அதே லேப்டாப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் வாரண்டி 643217 பின்கோடுக்கு உண்டா என்றும் பணம் கட்டும் முன்பே உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பழுதுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்வர வேண்டியிருக்கும்.

மிச்சமாகும் பணத்தில் ரௌட்டருக்கு, மின்சாரம் போனாலும் அதை ஓடவைக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரௌட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பெட்டியில் 8,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று இருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது சுமார் 30 வாட்-அவர். 8 வாட் இழுக்கும் ரௌட்டருக்கு, இழப்பு போக மூன்று மணி நேரம் வரும். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ரௌட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நெட் வரவில்லை என்று குழம்புபவர்கள் நிறைய.

கேள்வி: மகள் போக்கிமான் யுனைட்டில் எனக்குத் தெரியாமல் பணம் கட்டி ரத்தினங்கள் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்கிவிட்டாள். பணம் திரும்பக் கிடைக்குமா? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: வாங்கி 48 மணி நேரம் ஆகியிருக்காவிட்டால் கூகுள் பிளேயிலேயே ரீஃபண்ட் கேளுங்கள். மின்னஞ்சலுக்கு வந்த ரசீதில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். காரணமாகக் குடும்பத்தினர் அனுமதியின்றி வாங்கியதைத் தேர்ந்தெடுங்கள். ரத்தினங்களைச் செலவழிக்காமல் இருப்பது நல்லது. நேரம் கடந்துவிட்டால் ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. கையோடு பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கைரேகை வேண்டாம், அந்தப் போனில் மகளுடைய விரலும் பதிவாகியிருக்கக்கூடும்.

இனி காசு போடுவதாக இருந்தால், வாங்குவது உடையா பலமா என்று பாருங்கள். டோட்டா 2-வில் எல்லா ஹீரோக்களும் இலவசம், விற்பது தோற்ற அலங்காரம். யுனைட்டில் போக்கிமானைத் திறக்க ஆடிச் சேர்த்த காசு வேண்டும், இல்லையேல் ரத்தினம். தொடக்கத்தில் பொருட்களின் நிலையைப் பணத்தால் உயர்த்தி ஆட்டத்திலேயே வலுவடைய முடிந்தது, அதற்கு அப்போதே கடும் எதிர்ப்பு எழுந்தது.

கேள்வி: இதே வகைப் போன் ஆட்டமான மொபைல் லெஜண்ட்ஸை நிறுவும் ஃபைலைத் தெரிந்தவர் தருகிறார். போடலாமா? (கூடலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசால் தடை செய்யப்பட்ட 59 செயலிகளில் அதுவும் ஒன்று. கைமாறி வரும் ஃபைலுக்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது, யுபிஐ செயலியும் அதே போனில்தான் இருக்கிறது.