பழைய பிராண்டட் கேபினெட்டில் புது போர்டு: கேள்வி பதில்

அலுவலகங்கள் கழித்துவிடும் டெல், ஹெச்பி, லெனோவா கணினிப் பெட்டிகள் இப்போது எங்கே பார்த்தாலும் கிடைக்கின்றன. உள்ளே மதர்போர்டு போயிருந்தாலும் வெளித்தகடு இன்னும் இருபது வருடம் தாங்கும். அந்தப் பெட்டிக்குள் கடையில் விற்கும் சாதாரண போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை) பொருத்துவது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, ஆபீஸ் ஏலத்தில் டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர் ஒன்று எடுத்தேன். போர்டு வேலை செய்யவில்லை. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வாங்கினால் அப்படியே உட்காருமா?

வாங்கும் முன் கேட்டது நல்லது தம்பி. ஆப்டிபிளெக்ஸ் என்ற பெயரை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. அந்த ஒரே பெயரில் பல அளவுப் பெட்டிகள் உண்டு, வருடத்துக்கு வருடம் உள்ளமைப்பும் மாறும். பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேப்பை எடுங்கள்.

கடை போர்டுகளின் பொது அளவுகள் இவை: மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 × 244 மி.மீ. முழு ஏடிஎக்ஸ் 305 × 244. மினி ஐடிஎக்ஸ் 170 × 170. இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்கள். மினி ஐடிஎக்ஸின் நான்கு ஓட்டைகள் பெரிய போர்டுகளிலும் அதே இடத்தில் இருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஒரு பக்கம் 154.94, மறுபக்கம் 157.48 மி.மீ. உங்கள் பெட்டியில் போர்டு உட்காரும் தட்டில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப்களை (போர்டைத் தாங்கும், ஸ்க்ரூ இறங்கும் சின்னக் கால்கள்) அளக்கும்போது இந்தக் கணக்கு வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிக் கவலை, தேவையில்லாமல் நிற்கும் மேடுகள். சில பிராண்டட் பெட்டிகளில் சிபியு கூலரின் ஸ்க்ரூக்கள் போர்டைத் துளைத்து நேராகத் தட்டில் இறங்கும். அதற்காகவே தட்டில் நான்கு மேடுகள் இருக்கும். புது போர்டின் அடியில் அந்த மேடு பட்டால் ஷார்ட். எனக்கே ஒருமுறை நடந்தது. எல்லாம் மாட்டி பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாலும் அதே அரைச் சுற்று. ராமை மாற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் போர்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு சாலிடர் புள்ளியில் பளபளவென்று ஒரு கீறல். அதற்கு நேர் கீழே, தட்டில் நான் கழற்ற மறந்த ஒரு ஸ்டாண்ட்ஆஃப். எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டை உணர்ந்து உடனே நின்றதால் போர்டு பிழைத்தது. அதிலிருந்து போர்டை வைக்கும் முன் ஓட்டைகளை எண்ணுவேன், ஸ்டாண்ட்ஆஃப்களையும் எண்ணுவேன். இரண்டும் ஒத்துவராமல் ஸ்க்ரூவைத் தொடமாட்டேன்.

இன்னொன்று. 2000களின் நடுவில் டெல் விற்ற டவர்களில் பல பிடிஎக்ஸ் வகை. இன்டெல் கொண்டுவந்து 2006-லேயே கைவிட்ட அமைப்பு அது. பின்பக்கம் பார்த்தால் போர்ட்களும் கார்டு ஸ்லாட்களும் கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறியிருக்கும். உங்களுடையது அப்படி என்றால் விட்டுவிடுங்கள். வேறு கேபினெட்டின் தட்டையே வெட்டி ஒட்டினால்தான் சரிவரும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

கோவையிலிருந்து: இரண்டு ஸ்டாண்ட்ஆஃப் சரியான இடத்தில் இல்லை. சும்மா விட்டுவிடலாமா?

ஓர் ஓரத்தில் ஒன்று இல்லையென்றால் போர்டு தாங்கும். ஆனால் ராம் ஸ்லாட் பக்கமோ, எஸ்எம்பிஎஸ் வயர் செருகும் 24 பின் கனெக்டர் பக்கமோ என்றால் விடாதீர்கள். கனெக்டரை அழுத்தும்போது போர்டு வளையும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 6 மி.மீ. உயரத்தில் பித்தளை எம்3 ஸ்பேசர் கிடைக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பாக்கெட்டாகவே வாங்கலாம். இருக்கும் ஸ்டாண்ட்ஆஃப்பும் அதே உயரம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் 3.2 மி.மீ. ஓட்டை போட்டு, பின்னால் நட் வைத்து முறுக்கினால் போதும்.

இடத்தைக் குறிக்க அளவுகோலை நம்பாதீர்கள். போர்டை அட்டையில் வைத்து ஓட்டைகளைப் பென்சிலால் குறித்து, அட்டையை வெட்டி, பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் போர்டில் செருகி, அதன் உலோகப் பட்டை பின்பக்க ஸ்லாட்டில் நேராக விழுகிறதா என்று பார்த்துவிட்டு ட்ரில்லை எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, பின்பக்கப் போர்ட் தகடு பெட்டியோடு சேர்ந்தே அச்சடிச்சிருக்கு, கழட்ட ஏலாது. என்ன செய்யலாம்?

வெட்டத்தான் வேண்டும். சாதாரண போர்டோடு வரும் தகடு உட்காரும் செவ்வகம் 158.75 × 44.45 மி.மீ. போர்டை உள்ளே வைத்து, போர்ட்கள் எங்கே வருகின்றன என்று பார்த்த பிறகே கோடு போடுங்கள். அப்புறம் போர்டு, எஸ்எம்பிஎஸ், ஃபேன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். வெறும் தகடு மட்டும் இருக்க வேண்டும். மூலையில் ஓட்டை போட்டு, தகடு வெட்டும் கத்திரியாலோ ஹேக்ஸா பிளேடாலோ கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்த்து எடுங்கள். பிசிறு விரலைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

வெட்டி முடித்ததும் பெட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. இரும்புத் தூள் மூலை மடிப்புகளில் ஒளிந்திருக்கும், ஃபேன் சுற்றும்போது பறந்து போர்டில் விழும்.

சேலத்திலிருந்து: சார், லெனோவா டவரில் இருந்த எஸ்எம்பிஎஸ் நன்றாக ஓடுகிறது. அதையே புது போர்டுக்குக் கொடுக்கலாமா?

கனெக்டரைப் பாருங்கள். லெனோவாவின் பல மாடல்களில் 14 பின், டெல்லில் 8 பின், ஹெச்பியில் 6 பின் என்று இருக்கும். அவற்றில் போர்டுக்கு 12 வோல்ட்தான் வரும், 5-ம் 3.3-ம் போர்டே உண்டாக்கிக்கொள்ளும். சாதாரண போர்டுக்கு அந்த மூன்றும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். அதனால் ஓடாது. கடையில் விற்கும் 24-க்கு 14 மாற்றிக் கேபிள், சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை லெனோவா போர்டுக்குக் கொடுப்பதற்கானது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

24 பின்னே இருந்தாலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா எப்போதும் 5, கறுப்பு கிரவுண்ட். பச்சையையும் ஒரு கறுப்பையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். 1990களின் கடைசியில் வந்த சில டெல் கணினிகளில் கனெக்டர் பார்ப்பதற்கு அச்சு அசலாக ஏடிஎக்ஸ், வயர் வரிசை மட்டும் வேறு. தெரியாமல் செருகியவர்களின் போர்டு எரிந்தது.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியின் துவாரத்தை அளந்துகொண்டு போங்கள். ஏடிஎக்ஸ் என்றால் 150 × 86, நீளம் வழக்கமாக 140 மி.மீ. ஒல்லியான பெட்டிகளில் 85 × 65 × 175 அளவுள்ள டிஎஃப்எக்ஸ் இருக்கும்.

திருநெல்வேலி, ஈரோடு, புதுச்சேரி என்று ஏழு பேர்: முன்பக்கப் பவர் பட்டன் வயர் ஒரே கனெக்டராக இருக்கிறது, போர்டில் பொருந்தவில்லை. எப்படி மாட்டுவது?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. பயந்து, முன்பக்கத்தையே பிய்த்துவிட்டுத் தனிப் பட்டனைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு அழகே அந்தப் பட்டன்தான். இதைப் பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை.

முதலில் போர்டு பக்கம். இரண்டு வரிசையில் ஒன்பது ஊசிகள், பத்தாவது இருக்காது. ஒற்றை எண்கள் ஒரு வரிசை, இரட்டை எண்கள் மறுவரிசை. 6-ம் 8-ம் பவர் பட்டன். 5-ம் 7-ம் ரீசெட். 2 பவர் விளக்கின் பிளஸ், 4 மைனஸ். 1 ஹார்டு டிஸ்க் விளக்கின் பிளஸ், 3 மைனஸ். பெரும்பாலான போர்டுகளில் இதுதான். உங்கள் போர்டின் கையேட்டில் படம் இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டி பக்கம். கனெக்டர் எதிலும் மாட்டாமல் தனியாக இருக்கட்டும். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, இரண்டிரண்டு துளைகளாகத் தொட்டுக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் அடித்து, விட்டதும் நிற்கிற ஜோடிதான் பவர் பட்டன். அழுத்தாமலே அடித்தால் அந்த இரண்டும் கிரவுண்ட் வயர்கள். தாளில் துளைகளை வரைந்து ஒவ்வொன்றாக எழுதுங்கள், மனதில் வைத்துக்கொள்ள முயற்சி செய்ய வேண்டாம்.

விளக்குக்கு, பழைய போர்டில் இருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி போதும். இரண்டு சின்ன வயரை அதில் பிடித்து மீதித் துளைகளில் வைத்துப் பாருங்கள். எரியாவிட்டால் திருப்பி வையுங்கள். எரியும்போது பேட்டரியின் பிளஸ் தொடும் துளைதான் விளக்கின் பிளஸ். சில டெல் பெட்டிகளில் ஒரே விளக்கு இரண்டு நிறத்தில் எரியும். பிடித்த நிறத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

பட்டனுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஓடும். ஆனால் பட்டனும் விளக்கும் ஒரே கிரவுண்ட் வயரைப் பகிர்ந்தால் அப்படியே மாட்டாதீர்கள். வயரை வெட்டி விளக்கின் பாதையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கடைசியில் 2.54 மி.மீ. இடைவெளியுள்ள ஜம்பர் வயர்களை சாலிடர் செய்து, சுருங்கும் டியூப் போட்டு மூடுங்கள். டேப் சுற்றினால் நம் ஊர் வெயிலுக்குப் பசை உருகிக் கழன்றுவிடும்.

முன்பக்க யுஎஸ்பிக்கும் இதே சோதனைதான், இன்னும் கவனமாக. போர்டின் யுஎஸ்பி 2.0 ஊசிகளில் 1, 2 ஆகியவை 5 வோல்ட், 7, 8 கிரவுண்ட். இடம் மாறினால் செருகும் முதல் பென் டிரைவே போய்விடும்.

சிங்கப்பூரிலிருந்து: ஆப்பிளின் பவர் மேக் ஜி5 அலுமினிய டவர் ஒன்று கையில் இருக்கிறது. இதற்குள் ஏடிஎக்ஸ் போர்டு வைக்க ஆசை.

ஆசை புரிகிறது. 2003-ல் வந்த அந்தப் பெட்டியைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. முதலில் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் பிரிக்காதீர்கள், ஓடாத ஒன்றைத் தேடுங்கள். வேகமான சில மாடல்களில் திரவக் குளிரூட்டல் இருந்தது. அது கசிந்து போர்டும் பவர் சப்ளையும் அரித்துப்போன பெட்டிகள் இந்த வேலைக்கு ஏற்றவை.

உள்ளே நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப்கள் ஏடிஎக்ஸுக்கு ஒத்துவராது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தனித் தட்டு வைக்க வேண்டும். பின்பக்கமும் வெட்ட வேண்டும். அப்புறம், அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்பரப்பில் மின்சாரம் பாயாது. எஸ்எம்பிஎஸ்ஸை ஸ்க்ரூ போடும் இடத்தைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியவைத்தால்தான் பெட்டிக்கு எர்த் கிடைக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: தம்பி, அப்பா 2000-ல் வாங்கிய வெளிர்நிறக் கணினியின் பெட்டி மட்டும் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அதிலேயே ஒரு கணினி ஓட வேண்டும் என்று ஆசை. முடியுமா அக்காவுக்கு?

கண்டிப்பாக முடியும் அக்கா. ஏடிஎக்ஸ் 1995-லிருந்தே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் போர்ட்களைச் சுற்றிக் கழற்றக்கூடிய தகடு தெரிகிறது, தட்டிலும் ஸ்டாண்ட்ஆஃப்புக்கான ஓட்டைகள் வழக்கமான வரிசையில் இருக்கின்றன. இந்த முழுப் பட்டியலிலும் உங்கள் பெட்டிதான் சுலபம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். அந்தக் காலத்தது பெரும்பாலும் 5 வோல்ட்டில்தான் பலம் கொடுக்கும், இன்றைய போர்டுகள் 12 வோல்ட்டைத்தான் கேட்கின்றன. ஃபேன் இடம் 80 மி.மீ. ஆகத்தான் இருக்கும். சூடு குறைந்த சாதாரண சிபியு வாங்கினால் போதும். பட்டன், விளக்கு வயர்கள் தனித்தனியாக இருப்பதால் மேலே சொன்ன சோதனை கூட தேவைப்படாது. மஞ்சள் பூத்த முன்பக்கத்தை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வைக்கும் முறை உண்டு. ஆனால் ஸ்டிக்கரும், அப்பா பேனாவால் எழுதிய எண்ணும் அதில் அழிந்துவிடும். நானாக இருந்தால் அதைத் தொடமாட்டேன்.

விருதுநகரிலிருந்து: பெட்டி சூடாகிறது. ஃபேன் எங்கே வைக்க?

பழைய பெட்டிகளில் பின்னால் ஒரே ஒரு 92 மி.மீ. ஃபேன் இருக்கும். அதன் 5 பின் வயரை மாட்ட முயலாமல் சாதாரண 4 பின் ஃபேன் வாங்குங்கள். முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் வைக்க இடமிருந்தால் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ. விட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன், பின் தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை அளந்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: எல்லாம் ஓடுகிறது. ஆனால் வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. நான் ஏதாவது தப்பாக மாட்டிவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்ற அளவோடு நிற்கிறது.

மூன்று பின் பிளக் என்பதால் மட்டும் எர்த் இருப்பதாக நினைக்க வேண்டாம். பல பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யும் வரை பெட்டியின் உள்ளே கை வைக்காதீர்கள். எர்த் இருந்தும் இழுத்தால், எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் பெயின்ட் தடுக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பவர் கார்டின் எர்த் பின்னிலும், மறுமுனையைப் பெட்டியின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். பீப் அடித்தால் பெட்டி சரி. அடிக்காவிட்டால் அந்த நான்கு ஸ்க்ரூ இடங்களையும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்குங்கள்.