இரண்டு சம்பளம், ஒரு வீடு: கணக்கு யார் பேரில்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி): கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. நான் பாலக்காட்டில் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 18,000. அவர் பொள்ளாச்சியில் தென்னைநார் கம்பெனியில் இருக்கிறார், 27,000 வாங்குகிறார். என் சம்பளத்தையும் அவர் கணக்குக்கே மாற்றிவிட்டால் செலவு பார்ப்பது சுலபம் என்கிறார் மாமியார். என் அம்மாவோ, “உன் பணம் உன் கணக்கிலேயே இருக்கட்டும்” என்கிறாள். ஜாயின்ட் அக்கவுன்ட் போட்டால் இரண்டு பேரும் சமாதானம் ஆவார்களா?

பதில்: சமாதானம் ஆவார்களா என்பதைவிட உங்களுக்கு எது நல்லது என்று பார்ப்போம். உங்கள் சம்பளம் வரும் கணக்கை மூடாதீர்கள், வேறு யார் கணக்குக்கும் மாற்றாதீர்கள். அவருடையதும் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதாக, வீட்டுச் செலவுக்கென்று மட்டும் இருவர் பேரிலும் ஒரு கணக்கு தொடங்குங்கள். வாடகை, மளிகை, பால், கரன்ட் பில், மாமியாரின் மருந்து எல்லாம் அதிலிருந்து போகட்டும்.

அதில் யார் எவ்வளவு போடுவது? பாதிப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் அது சரியில்லை. மாதச் செலவு 25,000 என்றால், சம்பள விகிதப்படி நீங்கள் 10,000, அவர் 15,000. உங்கள் கையில் 8,000 நிற்கும், அவர் கையில் 12,000. அதில் நீங்கள் தங்கச்சிக்குப் புடவை எடுத்தாலும் அவர் நண்பர்களோடு பழனிக்குப் போனாலும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. நாளை குழந்தை பிறந்து நீங்கள் சில மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தால் இந்த விகிதத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்ப்பவர் பங்கு கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இதை இப்போதே அவரிடம் பேசி வையுங்கள்.

அப்புறம் பாங்கில் கொடுக்கும் படிவம். அதில் கணக்கை யார் இயக்குவது என்று ஒரு கட்டம் இருக்கும். பல நேரம் கவுன்டரில் இருப்பவரே அதில் டிக் போட்டுவிடுவார், நாமும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது என்றால் கூச்சப்படாமல் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் தொடரலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டும்தான் எடுக்க முடியும். இரண்டாவது பெயர் உங்களுடையதாக இருந்தால், அந்தப் பாஸ்புக்கில் உங்கள் பெயர் பேருக்குத்தான் இருக்கும். ‘ஜாயின்ட்லி’ என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு கையெழுத்து வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்குக்கு முதலாவதுதான் சரி.

ஆனால் அதே காரணத்தால் அதில் நிறையப் பணம் வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் முழுவதையும் எடுக்கலாம், பாங்க் இன்னொருவரைக் கேட்காது. இரண்டு மூன்று மாதச் செலவுக்கு மேல் அதில் தங்க வேண்டாம். மிச்சத்தை டெபாசிட்டாகப் போடுங்கள். இருவர் பேரில் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று போட்ட டெபாசிட்டை முதிர்வு தேதியில் ஒருவரே வாங்கலாம். அதற்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால், இருவரும் உயிரோடு இருக்கும்வரை பொதுவாக இரண்டு கையெழுத்தும் வேண்டும். அவசரத்தில் ஒருவர் எடுத்த முடிவால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் கரைந்துபோகாமல் இருக்க இது நல்ல காவல்.

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவர் காலத்தில் வீட்டுக்கு ஒரே கணக்கு, அது ஆம்பிளை பேரில். இப்போது உங்களுக்குத் தனிக் கணக்கு இருப்பது அவர் மகன் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளைக்கு நீங்கள் ஒரு கடன் கேட்டுப் போனால், பாங்க் உங்கள் பேரில் இருக்கும் சம்பள வரவைத்தான் பார்க்கும். இதை உங்கள் வீட்டுக்காரரே அம்மாவிடம் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி (வேலந்தாவளம் வாசகர்): ஊரில் உள்ள சர்வீஸ் கோ-ஆப்பரேடிவ் பேங்கில் என் பேரில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது. எந்த பேங்க் மூழ்கினாலும் 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு என்கிறார்களே, இதற்கும் உண்டுதானே? மனைவி பயப்படுகிறாள்.

பதில்: உங்கள் மனைவி பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 5 லட்சம், டெபாசிட் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் தருவது. 2020 பிப்ரவரியில்தான் அது 1 லட்சத்திலிருந்து உயர்ந்தது. அசலும் வட்டியும் சேர்த்து, ஓர் ஆளின் தனிப்பேரில் ஒரு பாங்கில் அவ்வளவுதான். கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் சர்வீஸ் கோ-ஆப்பரேடிவ் பேங்குகள் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள். போர்டில் ‘பேங்க்’ என்று இருந்தாலும் ரிசர்வ் பாங்க் உரிமம் இல்லாத சங்கத்துக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. 2021இல் ரிசர்வ் பாங்கே இதைப் பற்றி எச்சரிக்கை அறிவிப்பு கொடுத்தது. மாநில அரசின் டெபாசிட் உத்தரவாத நிதி என்று ஒன்று உண்டு, அது வேறு ஏற்பாடு. உங்கள் சங்கம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேரளா பேங்க், அரசு பாங்குகள், உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு பாங்குகள் இவற்றுக்கெல்லாம் 5 லட்சம் பாதுகாப்பு உண்டு.

இன்றைக்கே ஓடிப்போய் உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். முதிர்வு வரும்போது பெரும் பகுதியை இன்சூரன்ஸ் உள்ள பாங்குக்கு மாற்றுங்கள். அங்கேயும் முழுவதையும் உங்கள் ஒருவர் பேரில் போடாதீர்கள். உங்கள் தனிப்பேரில் உள்ளதற்கு ஒரு 5 லட்சம், இருவரும் சேர்ந்து போட்டதற்குத் தனியாக ஒரு 5 லட்சம் என்றுதான் கணக்கு. 3 லட்சம் உங்கள் பேரில், 3 லட்சம் இருவர் பேரில் என்று வைத்தால் முழுத் தொகையும் பாதுகாப்புக்குள் வந்துவிடும். உங்கள் மனைவிக்கும் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி (குமுளி வாசகி): கல்யாணத்துக்கு என் வீட்டில் போட்ட நகையை ஏலக்காய்த் தோட்டக் குத்தகைக்காக வீட்டுக்காரர் அடகு வைத்தார். சீட்டு அவர் பேரில். என்னைக் கேட்டுத்தான் வைத்தார். இதில் ஏதும் சிக்கல் உண்டா?

பதில்: கேட்டு வைத்தது நல்ல விஷயம். ஆனால் சீட்டில் யார் பெயரோ அவர்தான் கடன்காரர். நகையைத் திருப்பினால் அவர் கையில்தான் கொடுப்பார்கள், வட்டி பாக்கி நோட்டீஸும் ஏல அறிவிப்பும் அவருக்குத்தான் வரும். நகை ஏலத்துக்குப் போவதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அடுத்த முறை உங்கள் பேரிலேயே வையுங்கள். பணத்தை அவரிடம் கணக்கு வழியாகக் கொடுங்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது பாஸ்புக்கில் நிற்கும்.

கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே சொந்தம், தம்பதியின் பொதுச்சொத்து ஆகாது. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. கஷ்டகாலத்தில் கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு. அந்த வழக்கில் மனைவியின் 89 பவுனுக்காக 25 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். உங்கள் வீட்டில் அந்த நிலை வரக் கூடாது. ஆனாலும் நகைக்கடை பில்லையும் கல்யாண ஃபோட்டோவையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (நகரி வாசகர்): அப்பா போன மாதம் காலமானார். அவர் ஏ.டி.எம். கார்டில் அம்மா வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். நாமினியும் அம்மாதான். தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். மரணச் சான்றிதழோடு பாங்குக்குப் போய்த் தகவல் சொல்லி, நாமினி என்ற முறையில் அம்மா பேரில் மனு கொடுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினேஷன் பதிவானதாகக் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால் கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்க் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க எண் 14448.

ஒன்று மட்டும். நாமினி என்பதால் பணம் முழுவதும் அம்மாவுக்கே சொந்தமாகிவிடாது. உயில் இல்லையென்றால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, பிள்ளைகள், அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவர், எல்லாருக்கும் சம பங்கு. நீங்கள் பிள்ளைகள் கூடி, பணம் அம்மாவிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் அதைவிட நல்லது இல்லை. அதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.