சார்ட்டர் ஸ்கூல் எண்டா காசு கட்டுற பள்ளிக்கூடமா?

கேள்வி: எங்கட அக்காவாக்கள் அமெரிக்காவுல டெக்ஸஸ்ல இருக்காங்க. மகன ஏதோ சார்ட்டர் ஸ்கூல்ல போடப்போறாங்களாம், ஃபீஸ் இல்லயாம், ஆனா மத்த கவுன்மெண்ட் ஸ்கூல் மாதிரியும் இல்லயாம். ஏமாத்து வேலையோ எண்டு அம்மா ஒரே யோசிக்கிறா. நம்மட இன்டர்நேஷனல் ஸ்கூல் மாதிரியா அது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இல்ல தங்கச்சி, அதுவும் அரசாங்கக் காசுல நடக்கிற பொதுப் பள்ளிக்கூடந்தான், ஃபீஸ் எடுக்கேலாது, இடத்த விட விண்ணப்பம் கூடினா குலுக்கல் போட்டுத்தான் புள்ளைகள எடுப்பாங்க. நடத்துறதுதான் வேற ஆக்கள். நம்மட வலயக் கல்விப் பணிமனை மாதிரி அங்க இருக்கிற டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கீழ வராம தனி நிர்வாக சபை ஒண்டு ஒப்பந்தம் எழுதி எடுத்து நடத்தும், புள்ளைகள் இவ்வளவு படிக்கும் காசு இப்பிடிச் செலவாகும் எண்டு அதுல ஒத்துக்கொண்டத செய்யாட்டி பள்ளிக்கூடத்த மூடவும் ஏலும். முதல் சட்டம் 1991ல மினசோட்டாவுல வந்தது, அடுத்த வருசம் செயின்ட் போல் நகரத்துல திறந்த முதல் பள்ளிக்கூடமே படிப்ப இடையில விட்ட பொடியனுகள், புள்ளைகளுக்காகத்தான்.

நம்மட பக்கம் இது முழுசாப் புதுசுமில்ல, 1960, 61ல அரசாங்கம் பொறுப்பெடுக்கு மட்டும் மிஷன் பள்ளிக்கூடங்கள் அரசாங்க உதவிப்பணத்துலதானே நடந்த.

பாடம் எப்பிடி நடத்துறதெண்டது அவங்கட விருப்பம். ஒண்டு கணக்கும் சயன்ஸும் எண்டு நிக்கும், இன்னொண்டுல பாதி நேரம் ஸ்பானிஷ்லதான் படிப்பு, மொண்டிசோரி முறை இருக்கு, சங்கீதம் சித்திரம் இருக்கு, ஹைஸ்கூல்லயே காலேஜ் பாடம் செஞ்சு முடிக்கிறதும் இருக்கு, சிலது முழுக்க ஒன்லைன். ஆனா மாநிலச் சோதனை எல்லாருக்கும் ஒண்டுதான், டெக்ஸஸ்ல அதுக்குப் பேர் ஸ்டார்.

குறை இல்லயா எண்டா இருக்கு. ஒரு புள்ளைக்கெண்டு அரசாங்கம் குடுக்கிற காசும் அந்தப் புள்ளையோடயே சார்ட்டர் ஸ்கூலுக்குப் போறதால மத்தப் பள்ளிக்கூடத்துக்கு வாற பணம் குறையுதெண்டு டீச்சர்மார்ட சங்கங்கள் சண்டை பிடிக்கும், அதுல நியாயமும் இருக்கு.

அக்காட்ட ரெண்டு விசயம் விசாரிக்கச் சொல்லுங்க. பஸ் இருக்கா, கன சார்ட்டர் ஸ்கூலுக்கு இல்ல, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அதுதான் பெரிய தலையிடி. மற்றது டீச்சர்மார், டெக்ஸஸ்ல சார்ட்டர் டீச்சருக்குப் பெரும்பாலும் டிகிரி இருந்தா காணும், ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்ல, அதால அங்க ஆர் படிப்பிக்கிறாங்க, வருசா வருசம் மாறுறாங்களா எண்டு கேக்கோணும். குலுக்கல்ல விழாட்டியும் அவங்கட ஏரியாப் பள்ளிக்கூடத்துல இடம் இருக்குத்தானே, விண்ணப்பத்தப் போட்டு வெக்கட்டும்.