தடுப்பூசிக்குப் பின் விடாத தோள்வலி: இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேள்வி: நியூஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சென்ற அக்டோபரில் ஒரு மருந்துக் கடையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஊசி தோள்முனையை ஒட்டி இறங்கியது. அன்றிரவு தொடங்கிய வலி எட்டு மாதமாகியும் விடவில்லை. சட்டை மாட்டக்கூட இடது கை எழவில்லை. கடை மீது வழக்குத் தொடரலாமா? நான் இந்நாட்டுக் குடிமகன் அல்ல.

பதில்: கோபம் கடைக்காரர் மேல் இருப்பது இயல்பே. ஆனால் 1,000 டாலருக்கு மேல் கேட்பதானால் அவர் மீது நேராக வழக்குத் தொடரச் சட்டம் இடம் தராது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் தேசியத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். மனு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போகும்; எதிர்மனுதாரர் மத்திய சுகாதாரத் துறைச் செயலர். ஊசி போட்டவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குடியுரிமையும் தடையல்ல, ஊசி அமெரிக்க மண்ணில் போடப்பட்டிருந்தால் போதும்.

தசையில் இறங்க வேண்டிய மருந்து, மேலே குத்தியதால் மூட்டை ஒட்டிய நீர்ப்பைக்குள் போய் அழற்சியைக் கிளப்புவதை மருத்துவர்கள் 'சிர்வா' என்கிறார்கள். 2017 முதல் அது திட்டத்தின் காயப் பட்டியலில் இருக்கிறது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும்; அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது; வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும்; வேறு காரணம் எதுவும் அதை விளக்கக் கூடாது. இவை பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவும் வேண்டும். அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள்.

சட்டம் இவ்வளவு இணக்கமாக இருந்தும் மனுக்கள் எங்கே சறுக்குகின்றன தெரியுமா? முதல் மருத்துவரின் குறிப்பில். நம்மவர்கள் தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டுத்தான் மருத்துவரிடம் போவார்கள். 'எப்போதிலிருந்து வலி?' என்றால் 'கொஞ்ச நாளாக' என்பார்கள். அந்த 'கொஞ்ச நாள்' அப்படியே பதிவாகிவிடும். பிறகு 'ஊசி போட்ட அன்றிரவே' என்று எவ்வளவு சொன்னாலும், அரசு வழக்கறிஞர் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார். ஆகவே உங்கள் மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் இப்போதே வாங்கிப் படியுங்கள். மருந்துக் கடைப் பதிவில் எந்தக் கை என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வலது என்று தவறாகப் பதிந்திருப்பதும் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்நோயாளிகளுக்கு ஊசியே இல்லாமலும் தோள் இறுகிப்போகும் என்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். சிகிச்சைச் செலவும் இழந்த சம்பளமும் தனி. வழக்கறிஞர் உங்கள் தொகையில் பங்கு கேட்க முடியாது. நியாயமான அடிப்படையோடு, நல்லெண்ணத்தில் தொடுத்த வழக்கு தோற்றாலும் அவர் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கலாம். இந்தப் பணம் தடுப்பூசிகள் மீதான வரியிலிருந்து வருகிறது. உங்கள் ஃப்ளூ ஊசியிலும் 75 சென்ட் போயிருக்கிறது. ஆனால் ஒன்று: தீர்ப்பு இணையத்தில் வெளியாகும், உங்கள் பெயரோடு. மருத்துவ விவரங்களை நீக்கக் கேட்கலாம். அதற்கு 14 நாள் அவகாசம்.

முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்தாக வேண்டும். ஆனால் அன்றே கோவிட் ஊசியும் போட்டுக்கொண்டீர்களா? அது இந்தத் திட்டத்தில் சேராது. அதற்கான தனித் திட்டத்தில் வேதனைக்குப் பணமில்லை, வழக்கறிஞர் கட்டணமும் இல்லை, அவகாசம் ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுதான். இரண்டும் இடது கையிலேயே இறங்கியிருந்தால், எந்த ஊசியால் வலி என்ற கேள்வி எழும்; எனவே வரும் அக்டோபருக்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.