கரீபியன் கப்பல்: கரையில் இறங்கி என்ன செய்யலாம்?

எங்கள் கோலாலம்பூர் நடைக்குழுவில் சிலர் முதன்முறையாகக் கரீபியன் கப்பல் ஏறப் போகிறார்கள். மயாமியில் புறப்பட்டு ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸ், கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கொசுமெல் என்று ஒரு வாரச் சுற்று. நான் போய் வந்தவன் என்பதால் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்தன.

செந்தூல் தம்பி: அண்ணே, கரைச் சுற்றுலாவைக் கப்பல்காரர்களிடமே எடுக்கவா, வெளியில் எடுக்கவா? வெளியில் மலிவு என்கிறார்கள்.

தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கப்பல் வழியாக எடுத்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும், விமானச் செலவு உங்கள் தலையில். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போகும் இடம் என்றால் நான் கப்பல் பக்கம்தான்.

பக்கத்து இடங்களுக்கு அப்படி இல்லை. ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவி துறைமுகத்திலிருந்து சில நிமிடம்தான். சிவப்பு நம்பர் பிளேட் போட்டதுதான் அங்கே உரிமம் பெற்ற டாக்சி. ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள்.

இன்னொன்று, கடிகாரம். இந்த மூன்று இடங்களிலும் ஆண்டு முழுக்க ஒரே நேரம். மயாமியோ மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஒரு மணி முன்னே ஓடும். கப்பல் மயாமி நேரத்தையே வைத்திருந்தால், கரையில் கைப்பேசி தானாக மாறி உங்களை ஏமாற்றிவிடும். கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

பினாங்கு அக்கா: கொடிமலையை நடந்தே ஏறுகிறவள் நான். அந்த அருவியில் ஏறுவது எனக்குக் கஷ்டமாக இருக்குமா?

மூச்சு வாங்காது அக்கா. கொடிமலை 833 மீட்டர் உயரம். அருவி சுமார் 55 மீட்டர் உயரம்தான், ஏறும் நீளம் சுமார் 180 மீட்டர். சிரமம் வழுக்கலில் இருக்கிறது. பாறையைப் பிடிக்கும் ரப்பர் அடி கொண்ட தண்ணீர்க் காலணி கட்டாயம், சிலிப்பர் உதவாது. வழிகாட்டிகள் எல்லாரையும் கைகோத்து ஏறச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒருவர் சறுக்கினால் பக்கத்தில் மூன்று பேர் ஆடுவார்கள். முடியாவிட்டால் ஓரமாகப் படிகள் உண்டு, வெட்கப்படாமல் மாறிக்கொள்ளலாம். கப்பல் கரை சேர்ந்ததும் முதல் ஆளாகக் கிளம்புங்கள்.

கிள்ளான் ஐயா: நீச்சல் தெரியாது. கேமனில் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டுமா?

இல்லை ஐயா. ஸ்டிங்ரே சிட்டி என்ற மணல்திட்டில் தண்ணீர் இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு. நாம் இக்கான் பக்காரில் மட்டும் சந்தித்த திருக்கை அங்கே காலை உரசிக்கொண்டு போகும். மீனவர்கள் அங்கே மீன் கழுவிக் கழிவைக் கொட்டியதால் கூடிய கூட்டம் அது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள். வாலை மிதித்தால்தான் ஆபத்து.

கேமனில் பெரிய கப்பல் கரையில் கட்டாது, சிறு படகில்தான் இறங்க வேண்டும். அலை அதிகமானால் இறக்கமே ரத்தாகும். வெளியில் பதிவு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்று முதலில் கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கை: கொசுமெலில் இருந்து சிச்சென் இட்சா போய் வரலாமா?

போகலாம். ஆனால் அந்தப் பெரிய மாயன் நகர இடிபாடு இருப்பது மெக்சிகோ பெருநிலத்தில். ஃபெரி ஏறி, பேருந்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, அவசரமாக ஒரு படம் எடுத்துத் திரும்ப வேண்டும். அதற்கா கடல் கடந்து போகிறோம்? மாயன் இடிபாடு பார்க்கத் தீவிலேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது, இஷ்செல் தேவியை வழிபட்ட இடம். காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் பவளப்பாறையில் ஸ்நார்க்கலிங் செய்யலாம். நீரோட்டம் உங்களையே இழுத்துக்கொண்டு போகும். லைஃப் ஜாக்கெட்டும் நீளக்கை நீச்சல் சட்டையும் போடுங்கள். பவளத்தைத் தொட வேண்டாம்.

மற்றவர்கள் கேட்டவை: கப்பல் பசியாறலைத் தாப்பாவ் செய்து இறங்கலாமா?

பழமும் சமைத்ததும் கூடாது. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் சரி.

மலையேற்றத்துக்குப் போடும் செலோரெங் கால்சட்டை?

வீட்டிலேயே இருக்கட்டும். ஜமைக்காவில் பொதுமக்கள் ராணுவப் புள்ளித்துணி அணிவது சட்டப்படி குற்றம்.

விசா?

அமெரிக்க விசா இல்லாமல் மயாமியில் கால் வைக்க முடியாது. சுற்றி வந்து மறுபடி அங்கேதான் இறங்குவீர்கள், அதனால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள். நேர்காணல் ஜாலான் துன் ரசாக் தூதரகத்தில். அது கைக்கு வரும்வரை கப்பலுக்கு ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.