மகன் குடிநோய் மறுவாழ்வு மையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான். அவனை எப்படிக் கண்காணிப்பது?

நான் கோத்தகிரிப் பக்கம். சின்னத் தேயிலைத் தோட்டம், ஒரே மகன். அவனும் இதே வழியில் போய்த் திரும்பியவன்தான். அதனால் சொல்கிறேன், கண்காணிப்பதை முதலில் விடுங்கள்.

அவன் வந்த முதல் மாதம் நான் அதைத்தான் செய்தேன். ராத்திரி அவன் தூங்கியதும் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். கொழுந்து பறிக்கும்போது செடிக்கடியில் பாட்டில் கிடக்கிறதா என்று குனிந்து தேடுவேன். எங்கள் மாவட்டத்தில் 2022லிருந்து டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். காட்டுக்கு நல்ல திட்டம். ஆனால் அவன் பையில் 10 ரூபாய் நோட்டைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒருநாள் ஸ்வெட்டரும் கையுமாக நான் நிற்கும்போது அவன் கண் விழித்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுவரை என்னிடம் பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் அன்றோடு நின்றது.

கோவையில் மையத்துக் கவுன்சிலரிடம் இதைச் சொல்லி அழுதேன். "அவனுக்கு மருந்து கொடுத்தோம், உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லையே" என்றார். அவர் சொல்லித்தான் குடும்பத்தினர் கூட்டத்துக்குப் போனேன். ஆல்-அனான் என்று பெயர், 1951ல் அமெரிக்காவில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். முதலில் கேட்டபோது கோபம்தான் வந்தது. பெற்றவள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அப்புறம்தான் புரிந்தது, நான் அதுவரை செய்ததெல்லாம் அவன் குடிக்குத்தான் உதவியிருக்கிறது. கடையில் அவன் வைத்த கடனை இலைப் பணத்தில் அடைத்தேன். வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று நானே போன் செய்து பொய் சொன்னேன். விழ வேண்டிய அடி அவன் மேல் விழவே இல்லை. இப்போது சோறு உண்டு, பாசம் உண்டு, கூடவே ஆஸ்பத்திரிக்கு வருவேன். கடன் மட்டும் அவனுடையது.

நாலாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்தான். "இந்தக் குளிருக்குக் கொஞ்சம் போட்டால் என்னடா" என்று ஊற்றிக் கொடுத்தது சொந்தக்காரர். குளிருக்குக் குடி இதமே இல்லை. தோலில் ரத்தக் குழாய் விரிவதால் சூடு மாதிரி தெரியும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். இதை இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். அன்றைக்கு நான் கத்தவில்லை. காலையில் "டாக்டரிடம் போகலாமா?" என்று மட்டும் கேட்டேன். வந்தான். ஒருமுறை சறுக்குவது இந்த நோயில் சகஜம், பட்ட பாடெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர்.

இரண்டு விஷயம் கட்டாயம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் மருந்தைத் தொடாதீர்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்து. அதேபோல், தினமும் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டிச் சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் 2, 3 நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், டாக்டர் பக்கத்தில் வேண்டும். மலையிலிருந்து இறங்க முடியாத நாளில் 14446க்குப் போன் செய்யுங்கள், போதை மீட்புக்கான இலவச எண். உங்கள் மனது தாங்காதபோது 14416.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். ராத்திரி அவன் தூங்கியதும் நீங்களும் போய்ப் படுங்கள்.