நிறம் மாறும் கரைசலை நம்பிப் படிக்கலாமா?

அக்கா, பையன் நீட் வேண்டாம், 'உயிர் மாதிரி நடந்துகொள்ளும் ரசாயனம்' படிக்கப் போகிறேன் என்று நிற்கிறான், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டீர்கள். அவன் உளறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாலிநோக்கம் உப்பளத்தையே பாருங்கள். வெயிலில் பாத்தி வற்றினால் உப்பு தானாகப் பூக்கிறது, யாரும் அடுக்கி வைப்பதில்லை. ஆனால் பூத்தபின் சும்மா கிடக்கும். அடுப்புத் தீ வேறு ரகம். விறகு போடும்வரைதான் அதற்கு உருவம். உயிரும் அந்த ரகம்தான். ஆற்றல் ஊட்ட ஊட்டத் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் கலவைகளை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்ப்பதுதான் இந்தத் துறை.

1950களின் தொடக்கத்தில் சோவியத் விஞ்ஞானி பெலொசோவ், ஒரு கரைசல் மஞ்சளாகி, நிறமிழந்து, மறுபடி மஞ்சளாவதைக் கண்டார். 'இப்படி நடக்கவே நடக்காது' என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். பத்து வருடம் கழித்து ஜபோடின்ஸ்கி என்ற இளைஞர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1977-இல் பெல்ஜிய விஞ்ஞானி பிரிகோஜினுக்கு நோபல் பரிசு கிடைத்தது இப்படிப்பட்ட அமைப்புகளின் கோட்பாட்டுக்காகத்தான். பையன் வீடியோவில் பார்த்த சிவப்பு, நீல வளையங்களும் அந்தக் குடும்பமே.

சரி, சோறு. இந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம், அடிப்படை வேதியியலே போதும். ஐசர் என்பவை மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். அவற்றின் நுழைவுத்தேர்வான ஐஏடி எழுதினால் திருவனந்தபுரம், திருப்பதி ஐசர்களில் ஐந்து வருடப் படிப்பு உண்டு. அது அமையாவிட்டால் பக்கத்துக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. சேர்ந்து, 'ஜாம்' என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அப்புறம் முனைவர் பட்டம், இன்னொரு ஐந்தாறு வருடம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். மொத்தத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். கடன் அழுத்தும் வீடென்றால் இது கடினம்தான், மறைக்க மாட்டேன்.

நடுவில் ஆராய்ச்சி கசந்தாலும் வேதியியல் கைவிடாது. மருந்து, பெயின்ட், பேட்டரி என்று எங்கும் ஆள் எடுக்கிறார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதை ஆராய மண்டபத்திலேயே காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நிலையம் இருக்கிறது. ஒருநாள் கூட்டிப்போய் வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

நீட்டையும் எழுதட்டும், சண்டை வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவனுடைய கணக்குப் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐஏடியில் கணக்குக் கேள்வி உண்டு, இந்தத் துறையோ முழுக்க சமன்பாடுகள். வேதியியல் மார்க்கைவிட எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.